கைக்குழந்தைக்கு இடமில்லாத சமத்துவப் பயிற்சி

பயிற்சி நிறுவனத்தின் இயக்குநருக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

பாலினச் சமத்துவம், எல்லோரையும் உள்ளடக்கிய பொருளாதார வளர்ச்சி ஆகியவை பற்றி நீங்கள் நடத்தும் தங்கிப் படிக்கும் பயிற்சிக்கு அடுத்த அறிவிப்பு வந்திருக்கிறது. குடும்பத்தினரை அழைத்து வர அனுமதியில்லை என்ற விதி அதில் அப்படியே இருக்கிறது. போன பேட்ச்சில் நடந்ததற்குப் பிறகும் அது இருப்பதால்தான் இந்த மடல்.

நடந்தது உங்களுக்கே தெரியும், கோப்பிலும் இருக்கும். என்னோடு வேலை பார்க்கும் கடன் அலுவலர், கைக்குழந்தையின் தாய். விடுதியில் குழந்தை கூடாது என்றதால், வெளியே சொந்தச் செலவில் அறை எடுத்து அம்மாவைத் துணைக்கு வைத்துக்கொண்டார். இடைவேளையில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார். இடைவேளை இல்லாத வகுப்புகளில் என்ன செய்வது?

ஊதியமில்லாப் பராமரிப்பு வேலை பற்றிய வகுப்பு அப்படி நீண்டுபோன ஒன்று. ஒரு கற்பனைப் பெண்ணின் 24 மணி நேரத்தைச் சார்ட் பேப்பரில் கடிகாரமாக வரையச் சொன்னீர்கள். எத்தனை மணிக்கு எழுகிறாள், யாருக்குச் சமைக்கிறாள், எப்போது தூங்குகிறாள் என்று கலர் பேனாவால் குழு குழுவாக எல்லாரும் வரைந்துகொண்டிருந்தார்கள். என் தோழியோ பால் கட்டிக்கொண்ட வலியோடு கழிப்பறையில் நின்று, பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் ஊற்றிக்கொண்டிருந்தார். கதவைத் தாழிட்டிருந்ததால் வெளியிலிருந்து இரண்டு முறை தட்டு வேறு. அவர் திரும்புவதற்குள் சார்ட்டுகள் சுவருக்குப் போய்விட்டன. கற்பனைப் பெண்ணின் கஷ்டம் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கடைசி நாளில், வருகை போதாது என்று இவருக்கு மட்டும் சான்றிதழ் இல்லை. எங்கள் வேலையில் அடுத்த படிக்குப் போக அந்தச் சான்றிதழ் வேண்டும்.

உங்களுக்குப் பாடம் எடுக்கும் எண்ணம் எனக்கில்லை, இந்தப் பாடம் உங்களுடையதுதான். உலகில் கூலியில்லாமல் நடக்கும் பராமரிப்பு வேலை நேரத்தில் 76.2 சதவீதம் பெண்கள் தலையில் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கை சொல்வதைத் திரையில் போடுகிறீர்கள். 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டினையும் சொல்கிறீர்கள். ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஊதிய வித்தியாசம் பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்த பிறகுதான் விரிகிறது என்று காட்டியவர் அவர். அந்த வித்தியாசத்தில் ஒரு துளியை உங்கள் வருகைப் பதிவேடே உண்டாக்கியிருக்கிறது.

ஆகவே கேட்பது இது: பயிற்சி வளாகத்திலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் ஆளும் வேண்டும். அந்தச் செலவு பயிற்சியின் பட்ஜெட்டில் இருக்க வேண்டும்.

நிதி இல்லை என்பீர்கள். அரசின் வரவு செலவைப் பெண்களின் பார்வையில் அலசும் வழக்கத்தை 1984இல் ஆஸ்திரேலியா தொடங்கியது என்று சொல்லிக்கொடுக்கிற நீங்கள், அதே அலசலை உங்கள் செலவுக் கணக்கில் ஒருமுறை செய்து பாருங்கள். நிறுவனத்தின் பெயர் அச்சடித்த பைக்கும், தொடக்க விழா மேடைக்கும், குரூப் போட்டோவுக்கும் எப்படியோ நிதி கிடைத்துவிடுகிறது. ஆன்லைனில் படிக்கலாமே என்றும் பதில் வரும். அந்த வகுப்பை வைத்திருப்பது மாலையில், வீட்டு வேலை கழுத்தை நெரிக்கும் நேரத்தில். மடியில் பிள்ளை, அடுப்பில் உலை, கேமரா ஆஃப். அதற்கும் வருகையில் மார்க் குறையும்.

அப்புறம், யார் வருகிறார்கள் என்பது இன்னொரு கூத்து. பெண்கள் சமாசாரம் என்று நிறுவனங்கள் பெண்களையே அனுப்பிவைக்கின்றன. சொத்துப் பத்திரம் தன் பெயரில் இல்லாத பெண்ணின் கடன் மனுவைத் தள்ளிவிடும் மேலாளர் ஒருவரைக்கூட அந்த அரங்கில் காணோம். நாங்கள் கற்றுக்கொண்டு போய், அவரிடமே அனுமதிக் கையெழுத்துக்கு நிற்கிறோம். தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களுக்குச் சமத்துவம் பிறவியிலேயே வந்துவிடும் போல.

சரி, அதைத் தனியாகப் பேசலாம். இப்போதைக்கு நான் கேட்பது குழந்தைகளுக்கான அறையும் பார்த்துக்கொள்ள ஆளும்தான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆண்களும் அதைப் பயன்படுத்தட்டும், இந்த வசதி தேவையா என்ற கேள்வி விண்ணப்பப் படிவத்தில் எல்லாருக்கும் இருக்கட்டும். பாலூட்டும் நேரத்தை வருகைக் குறைவாக எண்ண வேண்டாம். என் தோழியின் வருகைக் கணக்கைத் திரும்பப் பார்த்து, அவருக்கு உரிய சான்றிதழைத் தாருங்கள்.

விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன்பே திருத்திய விதிமுறைகளை வெளியிட்டால், கைக்குழந்தையோடு இருக்கும் மற்றவர்களும் விண்ணப்பிக்க முடியும். தயவுசெய்து அதற்குள் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயிற்சியில் படித்த ஒரு களப்பணியாளர்