ஜனவரி கேம்ப் பத்தி உனக்கு

கண்ணு,

போன்ல கேட்டியே கேம்ப் எப்படிப்பா இருந்துச்சுன்னு, அப்ப இருந்த களைப்புல சரியாவே சொல்லல, அதான் எழுதறேன்.

நீ விஸ்கான்சின்ல இருக்கற ஒக்கோனோமோவாக் கேம்ப்ப சம்மர்ல மட்டும்தான பாத்திருக்க. இப்ப போனா உனக்கு அடையாளமே தெரியாது. நீ கனூ ஓட்டின லாக் லா பெல் ஏரி உறைஞ்சு கெடக்கு, ஜனங்க அது மேலயே நடந்து போய் ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிக்கறாங்க. யூத மதத்துல நம்ம தாராளப் பிரிவான ரிஃபார்ம் மூவ்மென்ட்டோட முதல் கேம்ப், 1952ல ஆரம்பிச்சது, அத குளிர்காலத்துலயும் நம்ம ஞாயித்துக்கிழமை மதக் கிளாஸ் மாதிரி பசங்களுக்கு தெறந்து விடறாங்கன்னா அது எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்கு இந்த தடவைதான் முழுசா புரிஞ்சுது.

ஏழாங்கிளாஸ், எல்லாமே பார் மிட்ஸ்வா பாட் மிட்ஸ்வா, அதான் வயசுக்கு வந்த யூதரா ஏத்துக்கற சடங்கு, நடக்கற வருஷத்து பசங்க. வெள்ளிக்கிழமை மத்தியானமே சிகாகோல இருந்து பஸ் கெளம்பிடுச்சு, ஏன்னா அங்க அஞ்சு மணிக்கெல்லாம் சூரியன் போயிடும், ஷபாத், அதான் வெள்ளி சாயங்காலத்துல இருந்து சனி ராத்திரி வரைக்குமான ஓய்வு நாள், அதுக்கான மெழுகுவத்தி சூரியன் போறதுக்கு பதினெட்டு நிமிஷம் முன்னாடியே ஏத்தணும். போனெல்லாம் பெட்டில வாங்கி வச்சாச்சு, கொஞ்ச நேரம் மூஞ்ச தூக்கி வச்சுட்டு இருந்தாங்க.

அந்த வாரம் ஷபாத் ஷிரா, பாட்டு ஷபாத். தோராவுல, அதான் நம்ம வேதத்துல, கடல் தாண்டின பாட்டு வாசிக்கற அதே பகுதிலதான வானத்துல இருந்து விழுந்த சாப்பாடான மன்னா கதையும் வருது. ஷபாத் அன்னிக்கு மன்னா விழாதுன்னு மோசே சொன்னத பொய்யாக்கணும்னு சில பேரு முன்னாடியே எடுத்து வச்சத வெளிய தூவிட்டாங்களாம், பறவைங்க வந்து எல்லாத்தையும் தின்னு தீத்துடுச்சாம், அதுக்கு நன்றியாதான் இந்த வாரம் பறவைக்கு தீனி போடறதுன்னு பஸ்லயே சொல்லிட்டு வந்தேன். கூடவே, 17ஆம் நூற்றாண்டுல போலந்துல மாகென் அவ்ரஹாம்னு ஒரு மத அறிஞர் இத ஒத்துக்கல, நம்மள நம்பி இல்லாத பறவைக்கு ஷபாத்ல தீனி போடக்கூடாதுன்னாருன்னும் சொன்னேன். அவ்ளோதான், பஸ் முழுக்க சண்டை. இந்த பனில அதுங்க யாரத்தான் நம்பி இருக்கும்னு ஒரு பொண்ணு கேட்டா பாரு, எனக்கு புல்லரிச்சு போச்சு. ரிஃபார்ம்ல நாம இதுல அவ்ளோ கறாரா இருக்கறதில்ல, ஆனா பசங்களே முடிவு பண்ணிட்டாங்க, எறங்கின ஒடனே பைய போட்டுட்டு சூரியகாந்தி விதைய எடுத்துட்டு ஓடுனாங்க, இருட்டறதுக்குள்ள போட்டாகணும்னு. சனிக்கிழமை காலைல ஜன்னல் பக்கம் சிவப்பு கார்டினல் குருவி ரெண்டு வந்து உக்காந்துச்சு, ஒருத்தரும் தொழுகைக்கு நேரத்துக்கு வரல, நானும் கூப்பிடல.

சனிக்கிழமை ராத்திரி வெளிய நின்னு மூணு நட்சத்திரம் தேடி ஹவ்தாலா, ஷபாத்த முடிச்சு வைக்கற சடங்கு. கிராம்பு பட்டை டப்பா கை மாறி கை மாறி போகுது, பின்னல் மெழுகுவத்திய ஒரு பையன் ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கான், யூதப் பாடகி டெபி ஃப்ரீட்மேன் போட்ட மெட்டு. அவங்க 2011லயே போயிட்டாங்க, இந்த பசங்க அதுக்கப்புறம் பொறந்ததுங்க, ஆனா எல்லாருக்கும் தெரியுது.

இதுல நெறைய பேரு வீட்டுல வெள்ளிக்கிழமையும் மத்த நாள் மாதிரிதான் போகுது. நான் ஞாயித்துக்கிழமை காலைல போர்டுல எழுதி எழுதி சொன்னது ஒன்னும் ஒட்டல, ஒரு முழு நாள் உள்ளயே இருந்தப்பதான் ஒட்டுச்சு.

அதனால கேக்கறேன். இந்த வருஷம் பாட்டு நடத்த ஆளே இல்ல, நானும் நம்ம மதகுரு ரபியும் தொண்டை கட்டற வரைக்கும் பாடினோம். 2027ல ஷபாத் ஷிராவும் தூ பிஷ்வாத்தும் ஒரே நாள்ல வருது, ஜனவரி 23, மரங்களோட புதுவருஷத்த அந்த பனிக்குள்ள பசங்களோட கொண்டாடணும். நீ கிடாரோட வா. உனக்கு அந்த வயசுல கத்துக்குடுத்தவங்களும் இருபத்தஞ்சு வயசு பசங்கதான், என்ன மாதிரி அப்பாமாருங்க இல்ல. டிக்கெட் நாங்க போடறோம், ஆபீஸ்ல லீவு மட்டும் இப்பவே சொல்லி வை, அம்மாகிட்ட பதில் சொல்லிடு, நான் கிளாஸ்ல இருந்தா போன எடுக்க மாட்டேன்.

அப்பா