பாபுவுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள பாபு,

போன வாரமும் நீ பேசவில்லை. வேலை அதிகம், தெரியும். அக்கா ஏதோ சொன்னாள், அதை நான் கேட்கப் போவதில்லை.

எனக்கு வந்த பெருங்குடல் புற்றுநோயைப் பற்றித்தான் இப்போதெல்லாம் படிக்கிறேன். ஃபியூசோபாக்டீரியம் என்று ஒரு கிருமி, பல் ஈறில் இருப்பது. பெருங்குடல் கட்டிகளுக்குள் அது ஏராளமாக இருப்பதை 2012-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டுபிடித்தன. புற்றுச் செல்லைக் கொல்ல வரும் நம் உடம்பின் காவல் செல்கள், கொல்லி செல், டி செல் என்பவை, இவற்றின் மேல் டிஜிட் என்று ஒரு புரதம் இருக்கிறதாம், 'சும்மா இரு' என்று அவற்றை அடக்கிவைப்பது. இந்தக் கிருமி தன் ஃபாப்2 புரதத்தால் அதைப் பிடித்துக்கொள்கிறது. கொல்ல வந்த செல் கட்டியின் பக்கத்திலேயே சும்மா நிற்கிறது. அதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை.

எல்லாக் கிருமியும் அப்படியில்லை. நார்ச்சத்தை பியூட்டிரேட் என்ற பொருளாக மாற்றித் தருபவையும் குடலில்தான் இருக்கின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் சாப்பாடு, அழற்சியையும் அது தணிக்கும். நார்ச்சத்து சாப்பிடு. ராத்திரியும் பல் துலக்கு. இது டாக்டர் சொன்னதில்லை, நான் சொல்கிறேன்.

உயிரியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் நீ. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இதெல்லாம் புரிந்தும் ஏன்டா பரிசோதனைக்குப் போகாமல் இருக்கிறாய்?

எனக்கு 48 வயதில் வந்தது. அதில் பத்தைக் கழித்த வயதில் பிள்ளைகள் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ள வேண்டும். உனக்கு அடுத்த மாதம் 38. தொந்தரவு இருந்தால் அந்தக் கணக்கும் வேண்டாம், உடனே போக வேண்டும். பாலிப் என்கிற குடல் சுவரில் வளரும் சின்னச் சதை புற்றாக மாறப் பெரும்பாலும் பல வருஷம் ஆகும், பார்க்கும்போதே எடுத்தும் விடுவார்கள். போய்விட்டு வா.

ஒன்று சொல்ல வேண்டும். மூலம் என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். எட்டு மாதம் ரத்தம் போனது. இரண்டு தடவை தண்ணீர் ஊற்றி, தரையைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவேன். அக்கா கல்யாணம் முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்தான். ஒரு நாள் நீ கதவைத் தட்டி, "அம்மா, ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். நீ நம்பிப் போய்விட்டாய்.

அக்காவிடம் நீயும் அதே "ஒன்றுமில்லை"தான் சொன்னாயாம். பாபு, என்னிடம் அப்படிச் சொல்லாதே. டாக்டரிடம் நாள் கேட்டு எழுது. நான் வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா