கொடுத்தேன், கொடுத்திருக்கிறேன்

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. வியாழக்கிழமை நீ போனில் சொன்னதே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. நைட் ட்யூட்டி முடிந்து, அடுத்த ட்யூட்டிக்கு வருகிறவர்களிடம் நோயாளிகள் நிலைமையைச் சொல்லி ஹேண்டோவர் கொடுக்கும்போது "ஐ ஹேவ் கிவன் பாரசிட்டமால் அட் டூ ஓ கிளாக்" என்று நீ சொல்ல, சீனியர் நர்ஸ் எல்லார் முன்னாலும் "ஐ கேவ்" என்று திருத்தினாராம். இங்கிலீஷ் டீச்சர் மகளுக்கு இது கூடத் தெரியவில்லையே என்று உனக்குக் குரல் உடைந்துவிட்டது. போனில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தத் தப்பு உன் அசட்டையால் வந்ததில்லை பாப்பா. நீ தமிழில் நினைத்தாய், தமிழில் அது சரி. "ரெண்டு மணிக்கே கொடுத்திருக்கேன், சார்ட்டைப் பாருங்க" என்று நாம் சொல்வோம். "நேத்தே பணம் அனுப்பியிருக்கேன், வரலையா?" என்றும் கேட்போம். நம்முடைய 'இருக்கிறேன்' நேற்றையும் ரெண்டு மணியையும் தன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளும். இங்கிலீஷின் 'ஹேவ்' சேர்க்காது. நடந்து முடிந்த ஒரு மணியையோ கிழமையையோ வாயால் சொல்லிவிட்டால் அங்கே சிம்பிள் பாஸ்ட்தான், அதாவது 'ஹேவ்' சேராத 'கேவ்' மாதிரி வெறும் இறந்தகாலம். பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மன்காரர்களும் இதே இடத்தில்தான் இடறுவார்கள், ஏனென்றால் அவர்கள் பேச்சிலும் 'ஹேவ்' மாதிரியான வடிவத்தோடு 'நேற்று' சகஜமாக வரும்.

31 வருஷம் நான் போர்டில் ரெண்டு பட்டியல் எழுதிப் போட்டேன். யெஸ்டர்டே, அகோ, லாஸ்ட் வீக் ஒரு பக்கம். ஜஸ்ட், ஆல்ரெடி, சின்ஸ் இன்னொரு பக்கம். பரீட்சைக்கு அது போதும். வார்டில் நிற்கிற உனக்குப் போதாது. அங்கே பல சமயம் அந்த வார்த்தைகள் எதுவுமே இருக்காது, வினைச்சொல் மட்டும்தான் இருக்கும்.

ஒரு நோயாளியை ஆபரேஷனுக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள். "ஹீ வாஸ் ஆன் வார்ஃபரின் ஃபார் டூ இயர்ஸ்" என்று எழுதினால், ரெண்டு வருஷம் சாப்பிட்டார், இப்போது இல்லை. "ஹீ ஹேஸ் பீன் ஆன் வார்ஃபரின் ஃபார் டூ இயர்ஸ்" என்றால் இன்றைக்கும் சாப்பிடுகிறார். அது ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'வாஸ்' என்பதைப் படித்துவிட்டு ஒரு டாக்டர் கத்தியை எடுத்தால் என்ன ஆகும் என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியும். இதே வித்தியாசம் நம்மிடமும் இருக்கிறது. "ரெண்டு வருஷம் சாப்பிட்டார்", "ரெண்டு வருஷமா சாப்பிடுகிறார்". வருஷத்துக்குப் பின்னால் வரும் அந்தச் சின்ன 'ஆ'தான் நமக்கு 'இன்றுவரை' என்று சொல்கிறது. அந்த 'ஆ' உன் மனசில் வந்தால் இங்கிலீஷில் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' போடு. தமிழில் 'சாப்பிடுகிறார்' என்று நிகழ்காலம் வருவதால்தான் நம் பிள்ளைகள் "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று எழுதிவிடுகிறார்கள். "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்" என்று நீ சொல்லிப் பழகு.

'ஹேவ்' என்றால் வைத்திருப்பது. அது ஏன் இந்த இடத்துக்கு வந்தது என்று வகுப்பில் நான் ஒரு நாளும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். பழைய ஆங்கிலத்தில் 'பிடிபட்ட நிலையில் மீனை வைத்திருக்கிறேன்' என்கிற மாதிரி பேசினார்கள். மீன் இப்போது கையில் இருக்கிறது. அதிலிருந்துதான் காலப்போக்கில் 'மீனைப் பிடித்திருக்கிறேன்' என்ற பொருள் வந்தது. எப்போது பிடித்தேன் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை, கையில் என்ன இருக்கிறது என்பதுதான் பேச்சு.

அதனால் உன் ஹேண்டோவரை ரெண்டாகப் பிரித்துச் சொல்லிப் பார். "ஷி ஹேஸ் ஹேட் பாரசிட்டமால்." இது இப்போதைய நிலைமை, அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும் என்று எதிரில் இருப்பவர் உடனே கணக்குப் போடுவார். அப்புறம் "ஐ கேவ் ஹெர் ஒன் கிராம் அட் டூ." இது நடந்த கதை. இங்கிலீஷ் செய்தியிலும் இப்படித்தான் வரும், கவனித்துப் பார். மந்திரி ராஜினாமா செய்தால் முதல் வரி "ஹேஸ் ரிசைன்ட்". எங்கே, எத்தனை மணிக்கு அறிவித்தார் என்ற அடுத்த வரி "அனவுன்ஸ்ட்".

வலி விஷயத்திலும் இதைப் பார்த்துக்கொள். "ஷி ஹேட் பெயின் திஸ் மார்னிங்" என்றால் காலையில் வலித்தது, அவ்வளவுதான். "ஷி ஹேஸ் ஹேட் பெயின் சின்ஸ் திஸ் மார்னிங்" என்றால் இன்னும் வலிக்கிறது, யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

போனதும் வந்ததும் இன்னொரு சிக்கல். தமிழில் "காசிக்குப் போயிருக்கிறார்" என்றால் இப்போது அங்கே இருக்கிறார் என்றும் எடுக்கலாம், எப்போதோ போய் வந்தவர் என்றும் எடுக்கலாம். இங்கிலீஷில் 'ஹேஸ் கான்' சொன்னால் ஆள் இன்னும் திரும்பவில்லை, 'ஹேஸ் பீன்' சொன்னால் போய் வந்தாயிற்று. எக்ஸ்ரேவுக்குப் போன நோயாளி கட்டிலுக்குத் திரும்பிவிட்டாரா என்பது இதில் தெரிந்துவிடும்.

உன் அமெரிக்கத் தோழி "ஐ ஆல்ரெடி ஏட்" என்கிறாளே, அவளை மட்டும் ஏன் யாரும் திருத்தவில்லை என்று கேட்டாய். அங்கே அது வழக்கம். நீ இருக்கிற ஊரில் "ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்"தான் காதுக்குப் பழக்கம்.

ஒன்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். போன மாசம் குடும்ப பென்ஷனுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். "மை ஹஸ்பண்ட் ஹேஸ் சர்வ்ட் ஃபார் ட்வென்டி நைன் இயர்ஸ்" என்று கை தானாக எழுதிவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன். உயிரோடு இல்லாதவரின் உழைப்பைச் சொல்ல இங்கிலீஷில் அந்த 'ஹேஸ்' வராது. எத்தனையோ பிள்ளைகள் நோட்டில் சிவப்பு மையால் அதை அடித்திருக்கிறேன். இதை அடிக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று. அப்புறம் புதுத் தாளில் "சர்வ்ட்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

சரி. அந்த சீனியர் நர்ஸ் மேல் வருத்தம் வைத்துக்கொள்ளாதே, அடுத்த ட்யூட்டியில் நீயாகவே போய்ப் பேசு. தினமும் ட்யூட்டி முடிந்ததும் நீ சொன்ன ரெண்டு வாக்கியத்தை, நோயாளி பேர் இல்லாமல், எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. நான் பார்த்து எழுதுகிறேன்.

உனக்குப் பருப்புப் பொடியும் முறுக்கும் அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அனுப்பினேன்.

அன்புடன்,
அம்மா