ஒரு காது அடைத்த பத்து நாள்

அன்புள்ள சேகர்,

நலமா? உனக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் என் வலது காது. குறும்பி இறுகி அடைத்துக்கொண்டது, பத்து நாள் ஒற்றைக் காதோடு இருந்தேன். நேற்றுதான் மருத்துவர் எடுத்துவிட்டார். கவலைப்படாதே.

சத்தம் குறைந்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடியோடு போய்விட்டது. செல்போன் அடித்தால் வீடு முழுக்கத் தேடினேன். சாலையில் ஹாரன் கேட்டு இடப்பக்கம் திரும்பினேன், வண்டி வலப்பக்கம் வந்தது. அன்றைக்கு நடுங்கிப்போனேன்.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். வலப்பக்கத்து ஒலி வலக்காதை முதலில் தொடும். இடக்காதுக்குத் தலையைச் சுற்றிப் போக வேண்டும். நேர் பக்கவாட்டிலிருந்து வந்தாலும் அந்தத் தாமதம் சுமார் 0.65 மில்லி வினாடிதான். மூளை 10 மைக்ரோ வினாடி, அதாவது 0.01 மில்லி வினாடி வித்தியாசத்தைக்கூடப் பிடித்துவிடுகிறது, சேகர்! நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது. கீச்சென்ற ஒலிகளைத் தலையே மறைத்துவிடுவதால் மறுபக்கக் காதில் அவை மங்கலாகக் கேட்கும். அதுவும் ஒரு துப்பு. தாழ்ந்த ஒலிக்கு நேர வித்தியாசம், உயர்ந்த ஒலிக்கு அளவு வித்தியாசம் என்று ராலே பிரபு என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1907-லேயே விளக்கியிருக்கிறார்.

நேர் முன்னால், நேர் பின்னால் என்றால் இரண்டு காதுக்கும் ஒரே நேரம்தான். அங்கே காதுமடலின் மடிப்புகள் உதவுகின்றன, தலையைக் கொஞ்சம் திருப்பினாலும் புரிந்துவிடும். 1998-இல் நெதர்லாந்தில் சிலரின் காதுமடல்களுக்குள் அச்சு வைத்து வடிவத்தை மாற்றியிருக்கிறார்கள். ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்று அவர்களுக்குத் தெரியாமல் போனது. சில வாரங்களில் மூளை புதிய காதுகளைக் கற்றுக்கொண்டுவிட்டது. அச்சை எடுத்த பிறகும் பழைய திறமை அப்படியே இருந்ததாம்!

சரி, இதையெல்லாம் உனக்கு எழுதுவது அப்பாவுக்காக. இரண்டு காதும் மந்தமாகியும் ஒரு காதுக்கு மட்டும் கருவி போதும் என்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதை அப்படியே விட்டுவிடாதே. இரண்டு காதுக்கும் வைக்கலாமா என்று காது மருத்துவரிடம் கேள். அப்பா தனியாகச் சாலையைக் கடக்கிறவர். அதுவரை அவரைக் கூப்பிடும்போது எதிரே போய் நின்று கூப்பிடு. பக்கத்து அறையிலிருந்து குரல் கொடுத்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் தவிப்பார். பத்து நாள் நான் அப்படித்தான் தவித்தேன்.

அவர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
ரவி