அட்டையில கதைக்கிறது ஆர்? வெளிநாட்டில காசு சேர்க்கிற எங்கட ஆக்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடா, லண்டன், சுவிஸ் எண்டு இருந்துகொண்டு, யாழ்ப்பாணத்தில இருக்கிற கதைக்காத பிள்ளையளுக்கு எழுத்து அட்டைப் பயிற்சி, அதாவது ஒராள் பிடிக்கிற அட்டையில பிள்ளை எழுத்தைக் குத்திக் காட்டிக் 'கதைக்கிற' முறை, கொண்டு வாறதுக்குக் காசு சேர்க்கிற அண்ணாமார் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் கோண்டாவில்ல இருக்கிறன். மகனுக்கு 9 வயசு, ஓட்டிசம், ஒரு சொல்லும் கதைக்கமாட்டான். "ம்" எண்டு ஒரு சத்தம் இருக்கு, அதுக்கு ஏழெட்டு அர்த்தம் இருக்கு, அது எனக்கும் அவன்ர அப்பம்மாக்கும் மட்டும்தான் விளங்கும். நீங்கள் காசு சேர்க்கிற செய்தியை எனக்கு நாலு பேர் அனுப்பிட்டினம், நாலு பேரும் "பாருங்கோ, உங்கட மகனுக்கும் விடிவு வரப்போகுது" எண்டுதான் எழுதியிருந்தவை. உங்கட மனசு எனக்குத் தெரியும், அதில நான் குறை சொல்லேல்ல. ஆனா அந்த அட்டையை ரெண்டு மாசம் கையில பிடிச்சவள் நான், அதால நான் சொல்லாட்டி வேற ஆர் சொல்லப்போயினம் எண்டுதான் எழுதுறன்.

முதல்ல எங்கட கதை. ரெண்டரை வயசில சந்தேகம் வந்தது, மாமி "இவன்ர அப்பனும் பிந்தித்தான் கதைச்சவன்" எண்டு சொல்லிப்போட்டு நாக்கில வசம்பு தேய்ச்சவ, சந்நிதியில நேர்த்தி வைச்சம், ஒராள் சொல்லிச்சுது எண்டு பாலை நிப்பாட்டினம், இன்னொராள் கோதுமையை நிப்பாட்டச் சொன்னவர், பாண் இல்லாமல் அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கிளினிக்குக்குப் போனா 20 நிமிசம், அடுத்த திகதி ரெண்டு மாசத்துக்குப் பிறகு. கொழும்புக்கு இரவு பஸ்ஸில கூட்டிக்கொண்டு போய் ஒரு இடத்தில அவனைச் சோதிச்சுப் பாக்கக் குடுத்தம், அங்க அவனோட சிங்களத்திலயும் இங்கிலிசிலயும் கதைச்சிச்சினம், அவன் திரும்பியும் பாக்கேல்ல, உடன "விளங்குற தன்மை மிகக் குறைவு" எண்டு எழுதித் தந்திட்டினம். தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை சிங்களத்துக்கு என்னெண்டு திரும்புவான்? நாட்டில பேச்சு சிகிச்சையாளர்களைப் படிப்பிக்கத் தொடங்கினதே 1997-இல களனிப் பல்கலைக்கழகத்திலதான், அதுக்குப் பிறகு வந்தவையிலயும் தமிழில வேலை செய்யக்கூடிய ஆக்கள் விரல்விட்டு எண்ணுற அளவு.

இந்த நிலைமையிலதான் என்ர அண்ணா ரொறொன்ரோவில இருந்து சூமில ஒரு பயிற்சி ஒழுங்கு செய்தவர். மணித்தியாலத்துக்கு 80 டொலர், அவர்தான் கட்டினவர். முறை என்னெண்டா, ஒரு பெரிய அட்டையில இங்கிலிஸ் எழுத்து 26-உம் இருக்கும், அம்மா அதைப் பிள்ளைக்கு முன்னால தூக்கிப் பிடிக்கவேணும், பிள்ளை ஒரு பென்சிலால ஒவ்வொரு எழுத்தாக் குத்தும், அம்மா அதை வாசிச்சுச் சொல்லவேணும். பிள்ளைக்கு உள்ளுக்குள்ள எல்லாம் தெரியும், உடம்புதான் சொல்லுக் கேக்குதில்லை எண்டுறதுதான் அவையின்ர விளக்கம்.

மூண்டாவது கிழமை அட்டையில "அம்மா நான் உங்களில அன்பு" எண்டு இங்கிலிசில வந்தது. நான் குந்தியிருந்து அழுதன். அண்ணாக்குப் போன் எடுத்து அழுதன். அவரும் அழுதவர்.

அழுது முடிச்சு ரெண்டு நாளால மனுசன் கேட்டார், "எங்கட வீட்டில ஆர் அப்பா இங்கிலிசில கதைக்கிறது?" எண்டு. இவர் மோட்டர் வைண்டிங் வேலை, நான் தையல். ரிவியில போறது தமிழ். அப்ப இவன் எழுத்துப் பிழை இல்லாமல் இங்கிலிஸ் வசனம் எங்க படிச்சவன்? கேட்டா "கதைக்காத பிள்ளையள் பாத்தே படிச்சிடுங்கள்" எண்டு பதில். அதோட இன்னொண்டு, அதுதான் என்னைப் போட்டு உலுப்பினது: வகுப்பு தொடங்குற நேரம் அவன் அட்டையைக் கையால தள்ளி விடுவான், எழும்பி ஓடப் பாப்பான், ஆனா அட்டையில "எனக்கு இது விருப்பம், இன்னும் செய்வம்" எண்டு வரும். தள்ளுற கை பொய்யா, அட்டை பொய்யா?

அதுக்குப் பிறகு நாங்கள் ரெண்டு பேரும் ஒரு வேலை செய்தம். நாலு மணிக்கு மனுசன் அவனைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏதாவது தின்னக் குடுப்பார், என்ன எண்டு எனக்குச் சொல்லமாட்டார். பிறகு நான் அட்டையைப் பிடிச்சு "என்ன சாப்பிட்டனி?" எண்டு கேப்பன். முதல் நாள் குடுத்தது நுங்கு, அட்டையில வந்தது பிஸ்கட். அவன் வழமையா நாலு மணிக்குத் தின்னுறது பிஸ்கட்தான், நான் மனசில நினைச்சதும் அதுதான். நாலு நாள் செய்தம், நாலு நாளும் அட்டை நான் நினைச்சதைத்தான் சொன்னது. எனக்குத் தெரிஞ்ச கேள்வியெண்டா நூறு வீதம் சரி. மனுசன் போனில வீடியோ எடுத்து மெதுவா ஓட விட்டுக் காட்டினார், நான் அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமா அவன்ர பென்சிலுக்குக் கிட்டக் கொண்டு போறன். சத்தியமா எனக்குத் தெரியாது. நான் ஒருத்தரையும் ஏமாத்தேல்ல, என்ர கை எனக்குத் தெரியாமல் செய்யுது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை எண்டு பிறகுதான் தேடி வாசிச்சன். 1970களின்ர கடைசியில அவுஸ்திரேலியா மெல்பேர்ன்ல ரோஸ்மேரி குரொஸ்லி எண்டவ பிள்ளையின்ர கையைப் பிடிச்சு எழுத்துக் காட்டுற முறையைத் தொடங்கினவ, 1990 அளவில சிரக்கியூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் பிக்லென் அதை அமெரிக்காக்குக் கொண்டு போய் அங்க காட்டுத்தீ மாதிரிப் பரவினது. பிறகு ஒரு பதின்ம வயசுப் பிள்ளை எழுதினதா வந்த குற்றச்சாட்டில ஒரு குடும்பத்துக்கு மேல பாலியல் வழக்கு வந்து பிள்ளையளை வீட்டில இருந்து எடுத்திட்டினம். அப்பதான் ஹவார்ட் ஷேன் எண்ட நிபுணர் ரெண்டு பேருக்கும் வேற வேற படம் காட்டினவர். பிள்ளைக்குச் சாவி, கையைப் பிடிச்சவவுக்குக் கோப்பை. எழுத்தில வந்தது கோப்பை. கையைப் பிடிச்ச அந்தப் பொம்பிளையே பிறகு, எழுதினது நான்தான் எண்டு விளங்கி, இண்டைக்கு வரைக்கும் அந்த முறைக்கு எதிராக் கதைச்சுக்கொண்டிருக்கிறா. பள்ளிக்கூடத்தில சில்லறைக் காசில விரலை வைச்சு ஆவி கூப்பிட்ட ஆக்களுக்கு இது விளங்கும், ஒருத்தரும் தள்ளேல்ல எண்டு சத்தியம் பண்ணுவம், காசு ஓடும்.

கையைப் பிடிக்கிறதை விட்டிட்டு அட்டையைப் பிடிக்கிறது அதுக்குப் பிறகு வந்த முறை. இந்தியாவில இருந்து அமெரிக்காக்குப் போன சோமா முக்கோபாத்யாய் தன்ர மகனுக்கு எண்டு தொடங்கினது அதில ஒண்டு. ஒரு தாய் தன்ர பிள்ளைக்காக ராத்திரி பகலா மினக்கெட்டதை நான் பழிக்கமாட்டன். ஆனா அமெரிக்கப் பேச்சு, செவிப்புலன் சங்கம் 2018-இல கை பிடிக்கிற முறை, இந்தச் சோமா முறை ரெண்டையும் பாவிக்க வேண்டாம் எண்டு அறிக்கை விட்டது, கை பிடிக்கிறதை அமெரிக்க உளவியல் சங்கம் 1994-லேயே நிராகரிச்சிட்டுது. அங்க வேண்டாம் எண்டு சொன்னதை இஞ்ச கொண்டு வந்து இறக்க எதுக்குக் காசு சேர்க்கிறீங்கள்?

நான் பயிற்சிக்காரரிட்ட நுங்குக் கதையைச் சொன்னன். "சோதிச்சுப் பாக்கிறது பிள்ளையை அவமதிக்கிறது, அவன் பதட்டப்படுவான்" எண்டு பதில் வந்தது. எனக்கு அது விளங்கேல்ல. ஒரு பிள்ளையின்ர வாயில இன்னொராளின்ர சொல்லை வைக்கிறதவிடப் பெரிய அவமதிப்பு என்ன? அவனுக்கு எல்லாம் விளங்கும் எண்டுதான் நானும் நம்புறன், அதாலதான் அவன் தள்ளி விட்டா "வேண்டாம்" எண்டு எடுக்கிறன்.

அட்டையை விட்ட பிறகு ஒரு மாசம் நான் ஆரோடயும் கதைக்கேல்ல. செத்த வீடு மாதிரி. "அம்மா நான் உங்களில அன்பு" எண்டது நான் எனக்கே எழுதின கடிதம் எண்டு தெரிய வந்தா எப்பிடி இருக்கும்? காசைவிட அதுதான் பெரிய நட்டம், அதை உங்கட கணக்குப் புத்தகத்தில எழுத இடமில்லை.

இப்ப செய்யிறது படம் குடுக்கிற முறை. அண்டி பொண்டி, லோரி ஃப்ரொஸ்ற் எண்ட ரெண்டு பேர் 1985-இல அமெரிக்காவில டெலவெயரில தொடங்கினது. ஆறு படி இருக்கு. முதல் படியில கேள்வியே கேக்கப்படாது. முன்னால நான் மாரி பிஸ்கட்டோட, பின்னால பக்கத்து வீட்டுப் பிள்ளை இருந்து, அவன் பிஸ்கட்டுக்குக் கை நீட்டேக்க அந்தக் கையைப் படத்துக்குத் திருப்பி எடுத்து எனக்குக் குடுக்கப் பண்ணவேணும், நான் உடன பிஸ்கட் குடுக்கவேணும். பின்னால இருக்கிற ஆள் கெதியில கையை எடுத்திடவேணும், அதுதான் முக்கியம், கடைசியில அவன் தனிய வந்து குடுக்கவேணும். அலுப்புப் பிடிச்ச வேலை, எங்களுக்கு மூண்டு மாசம் எடுத்தது.

இன்ரநெற்றில கிடைச்ச படமெல்லாம் சான்ட்விச்சும் குளிக்கிற தொட்டியும். நாங்கள் போனில எங்கட சாமானைப் படம் எடுத்தம்: புட்டு, சொதி, வாளி, தண்ணி மோட்டர், அப்பம்மா வீட்டுக் கேற், பள்ளிக்கூட வான், ஐஸ்கிறீம், கறண்ட் போன லைற். ஸ்ரூடியோவில பிறின்ற் பண்ணி லமினேற் போட்டுத் தையல் வெல்க்ரோ ஒட்டினன். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு, எல்லாரும் படுத்த பிறகு, அவனாப் போய் வாளிப் படத்தைக் கழட்டிக் கொண்டு வந்து என்ர கையில வைச்சான். அண்டைக்கு வெக்கை தாங்கேலாது. பத்து மணிக்குக் கிணத்தடியில குளிப்பாட்டினன், மாமி சளி பிடிக்கும் எண்டு ஏசினா. அது அவன்ர சொல், வான்கார அண்ணைக்கும் அந்தப் படம் விளங்கும்.

படம் பழக்கினா பேச்சு வராமல் போயிடும் எண்டு மாமி பயந்தவ, கனபேர் பயப்படுறவை. 2006-இல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பில நல்ல ஆதாரம் உள்ள 27 பேரைப் பாத்திருக்கினம், ஒருத்தருக்கும் பேச்சுக் குறையேல்ல, பெரும்பாலானவைக்குக் கூடித்தான் இருக்கு. சென்னையில செய்த ஆவாஸ் எண்ட செயலியும் இருக்கு, ரப்லெற்றில படத்தைத் தொட்டாத் தமிழில சொல்லும், எங்கட "கதைக்கிறது" அதில "பேசுறது", எண்டாலும் தமிழ் தமிழ்தானே.

அதால நான் கேக்கிறது இவ்வளவுதான். அந்தப் பயிற்சிக்காரரைக் கூப்பிட முதல், அட்டையை மேசையில நிறுத்தி வைச்சு, பிள்ளைக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்டைக் கேட்டுக் காட்டச் சொல்லுங்கோ. அப்பிடிச் சரியாச் சொல்லுற பிள்ளை இருந்தா நான் முதல் ஆளா வந்து கும்பிடுறன், தன்ர பாட்டில தட்டி எழுதுற பிள்ளையள் உலகத்தில இருக்கினம், அவையைப் பற்றி எனக்கு ஒரு சண்டையும் இல்லை. காட்டமாட்டம் எண்டா அந்தக் காசில தமிழ் தெரிஞ்ச பேச்சு சிகிச்சையாளர் ஒராளுக்கு மாசத்தில ரெண்டு தரம் பஸ் காசும் சம்பளமும் குடுத்து இஞ்ச கூப்பிடுங்கோ, தாய்மாருக்கு இந்த ஆறு படியும் பழக்கட்டும், ஒரு லமினேற் மிசினும் ஒரு கலர் பிறின்ரரும் வாங்கி ஒரு வாசிகசாலையில வையுங்கோ. திறப்பு விழா வைச்சுப் படம் எடுக்க வடிவா இராதுதான்.

நல்லூர்த் திருவிழாக்கு வாற ஆக்கள் ஆரும் இருந்தா, பின்னால பசை உள்ள கறுப்பு வெல்க்ரோ ரெண்டு றோல் கொண்டு வாங்கோ. இஞ்ச கிடைக்கிறது வெயிலுக்குப் பசை இளகிப் படமெல்லாம் நிலத்தில கிடக்குது, அவன் தேடுறான்.

இப்படிக்கு,
கோண்டாவில்ல இருந்து ஒரு அம்மா