அந்தப் படத்தில் பச்சையாகத் தெரிவது குப்பை இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செப்டம்பரில் கடற்கரைத் தூய்மை நாளன்று, எங்கள் ஊர்க் கரையில் கல்லூரி மாணவர்கள் குப்பை அள்ளிய செய்தியைப் படத்தோடு வெளியிட்டிருந்தீர்கள். அன்று நானும் அங்கே இருந்தேன். அந்தப் படத்தின் வலது ஓரத்தில், சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால், இடுப்பளவு உயரத்துக்குப் பச்சையாக ஒரு குவியல் தெரிகிறது. அது மணலில் படரும் அடப்பங்கொடி. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன். மழைக்காலம் முடியட்டும், என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று பொறுத்திருந்தேன்.

நான் பூம்புகாருக்குப் பக்கத்து மீனவர் குப்பத்தில் பிறந்தவள். அப்பா கட்டுமரத்தில் தொழில் பார்த்தவர். நான் படித்து ஆசிரியையாகி, இந்தக் கரையோரப் பள்ளிகளிலேயே 29 ஆண்டுகள் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றேன்.

அன்று இரண்டு பேருந்துகளில் பிள்ளைகள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். கொளுத்தும் வெயிலில் முகம் சுளிக்காமல் குனிந்து குனிந்து பொறுக்கினார்கள். ஷாம்பு பாக்கெட், தண்ணீர் பாட்டில், மீன் பெட்டியிலிருந்து உடைந்த தெர்மாகோல், எங்கள் ஆட்களே கழித்துப் போட்ட தங்கூசி (நைலான் நரம்பு) வலைத் துண்டுகள் என்று மூட்டை மூட்டையாகச் சேர்ந்தது. நானும் இன்னும் நான்கு பெண்களும் காவிரி கடலில் சேரும் முகத்துவாரத்தில், அமாவாசைக்கு முழுக்குப் போட்டவர்கள் விட்டுச் சென்ற துணிகளை மணலிலிருந்து உருவிக்கொண்டிருந்தோம். ஈரமும் மணலும் ஏறிய புடவை ஒன்றை வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டும். அந்த வேலையை முடித்துத் திரும்பி வருவதற்குள், மண்வெட்டியும் வாரியும் வைத்து அறுபது அடி நீளத்துக்குக் கொடியை வழித்து எடுத்திருந்தார்கள். கரை 'சுத்தமாக'த் தெரிய வேண்டும் என்று கூட வந்தவர் யாரோ சொல்லியிருக்கிறார். கையெல்லாம் இராவணன் மீசை என்கிற முள்ளுப் புல் கிழித்த கீறலோடு ஒரு பெண் என்னிடம் வந்து, "பாட்டி, இதுவும் களைதானே?" என்று கேட்டாள்.

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டு ஆண்டு பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவளுக்கு, அந்தக் கொடியைக் கைநீட்டிக் காட்டிப் பெயர் சொல்ல ஒருவரும் இல்லை. நானே ஆசிரியையான முதல் பத்து ஆண்டுகளில் தவளையின் இதயத்தைக் கரும்பலகையில் வண்ணச் சுண்ணாம்பால் வரைந்து நடத்தினேன். வகுப்பறை ஜன்னலில் தெரிந்த மணல் மேட்டைப் பற்றி ஒரு பாடமும் எடுத்ததில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

அடப்பங்கொடியைத்தான் நெய்தல் பாடிய புலவர்கள் அடும்பு என்றார்கள். ஆட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்த இலை, ஊதாப் பூ. மணலில் படர்ந்தபடி கணுவுக்குக் கணு வேர் விடும். காற்று அள்ளி வரும் மணல் இந்த இலைகளில் தட்டுப்பட்டு விழும். விழுந்த மணல் மூட மூட, கொடி மேலே ஏறிப் படரும். இராவணன் மீசைப் புல்லும் அப்படித்தான். இவை இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் கட்டியதுதான் எங்கள் மணல் மேடு. சின்ன வயதில் அந்தப் புல்லின் முள் உருண்டைகள் காற்றில் உருள, நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். கடலில் சொறி (ஜெல்லி மீன்) பட்டுத் தடித்து வந்தால், அம்மா அடப்பங்கொடி இலையைக் கசக்கித் தேய்த்துவிடுவாள். மேட்டுக்கு உட்புறம் கையால் மணலைத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறும். மேட்டில் இறங்கிய மழைத் தண்ணீர் அது. மேடு போனால் அந்த இடத்தில் உப்புத் தண்ணீர்தான்.

இந்தக் கரைக்கு மேடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெல்டா என்பதே ஆறு கொண்டு வந்து போட்ட மண். 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு, மலையிலிருந்து வரும் வண்டலும் மணலும் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. போதாததற்கு ஆற்று மணலையும் அள்ளிவிட்டோம். கடலுக்குக் கொடுக்கக் காவிரியிடம் மணல் குறைந்துவிட்டது, கடலோ எடுப்பதை நிறுத்தவில்லை. தரங்கம்பாடியில் மாசிலாநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வழித்தெடுத்த அறுபது அடி என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். கார்த்திகை மாத வாடைக்காற்றில் அந்த இடத்தில் மட்டும் மேடு சரிந்தது. இரண்டு பக்கமும் கொடி இருந்த இடம் நிற்கிறது, நடுவில் வாய் திறந்தாற்போல ஒரு பள்ளம். அதன் வழியாக அலை உள்ளே ஏறி, கிழிந்த வலையைப் பொத்தும் கொட்டகை வரை வந்து போனது. 2004 டிசம்பர் 26-இல் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்தோம். அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்களில் அன்று யாரையும் இழக்காதவர் ஒருவரும் இல்லை. தண்ணீர் உள்ளே வந்த அன்று இரவு அவர்கள் யாரும் தூங்கவில்லை.

ஆமை விஷயத்திலும் இதே கதைதான். தை மாதம் தொடங்கிச் சித்திரை வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வரும். ஒரு குழியில் நூறு, நூற்றிருபது முட்டை இருக்கும். நாயும் நரியும் தோண்டுவதற்கு முன் வனத்துறையினர் அவற்றை எடுத்து, வானகிரியிலும் கூழையாரிலும் உள்ள பொரிப்பகங்களில் புதைத்துக் காக்கிறார்கள். ஏறத்தாழ ஐம்பது நாளில் குஞ்சு வெளிவரும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள் அனுமதி இல்லாமல் வேறு யாரும் முட்டையைத் தொடக் கூடாது. ஒரு முறை ஆமை மேல் ஆசைப்பட்டு நள்ளிரவில் வெளியூர்க் குழு ஒன்று வந்தது. ஓர் ஆமை அலையை விட்டு ஏறிப் பாதி தூரம் வந்திருக்கும். நாலைந்து செல்போன் வெளிச்சம் ஒரே நேரத்தில் அதன் முகத்தில் விழுந்தது. அப்படியே திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது, முட்டையோடு. அப்பா வலையில் ஆமை விழுந்தால் வலையை அறுத்து அதை விட்டுவிட்டு, வெறும் கையோடு கரைக்கு வருவார். வெளிச்சம் காட்டக் கூடாது, முன்னால் போகக் கூடாது, பின்பக்கமாக உட்கார்ந்து பேசாமல் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்ததை, வந்தவர்களுக்குச் சொல்ல அன்று எங்கள் ஊர் ஆள் ஒருவரையும் அவர்கள் கூப்பிடவில்லை.

சரியாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கொள்ளிடம் தாண்டினால் பிச்சாவரம். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து அலையாத்தி மரங்களைப் பகுதி பகுதியாக வெட்டியதில், வெயில் பட்டு மண் தாழ்ந்து குழியாகி, உள்ளே வந்த கடல் தண்ணீர் வெளியே போக வழியின்றி வற்றி, உப்பு ஏறிய பொட்டலாகக் கிடந்தது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்குள்ள ஊர் மக்களோடு சேர்ந்து, மீன் முள் மாதிரி கிளை பிரியும் வாய்க்கால்களை வெட்டினார்கள். அலை ஏறும்போது தண்ணீர் வந்து, இறங்கும்போது போய், மண்ணின் உப்பு குறைந்த பிறகு கன்று நட்டார்கள். எதனால் காடு அழிந்தது என்று கண்டுபிடித்த பிறகே மண்ணில் கைவைத்தார்கள். வாய்க்கால் தூர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள ஊர்க்காரர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

எங்கள் கரைக்கு உதவ வருகிறவர்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். சாக்கைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் எங்கள் ஆள் ஒருவரோடு நடக்க விடுங்கள். வலை பொத்தும் பெரியவர்களும் கருவாடு காயவைக்கும் பெண்களும் அதற்குப் போதும். அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும் என்பதை மறக்காமல், ஏற்பாடு செய்கிறவர்கள் அதைக் கொடுங்கள். பள்ளிகளில் உள்ள பசுமைப் படை மாணவர்களை மரக்கன்று விழாவோடு விட்டுவிடாமல், மாதம் ஒரு முறை அதே மணல் மேட்டுக்குக் கூட்டிவந்து, எவ்வளவு ஏறியது, எவ்வளவு சரிந்தது என்று ஒரு கம்பு நட்டு அளக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள் வரும் இருநூறு பேரைவிட, தையிலிருந்து சித்திரை வரை வாரம் ஓர் இரவு தவறாமல் வரும் ஆறு பேர் எங்களுக்குப் பெரிய உதவி.

சரிந்த இடத்தில் மழையோடு மழையாக, எங்கள் ஊர் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு அடப்பங்கொடித் தண்டுகளை வெட்டி ஊன்றினோம். பாதிக்கு மேல் பிடித்திருக்கிறது. "இதுவும் களைதானே" என்று கேட்ட அந்தப் பெண் தோழிகள் இருவரோடு மார்கழியில் வந்து, பார்த்துவிட்டுப் போனாள். யாரும் அழைக்காமல் பேருந்து ஏறி வந்தாள்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த செப்டம்பரில் தூய்மைப் பணிக்கு வரச்சொல்லி அறிவிப்பு வெளியிடும்போது, அடப்பங்கொடி, இராவணன் மீசை இரண்டின் படத்தையும் பெயர் போட்டு, 'இவற்றைப் பிடுங்காதீர்கள்' என்று சேர்த்துப் போடுங்கள். பூவோடு எடுத்த படங்களை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
பூம்புகார் அருகில், மயிலாடுதுறை மாவட்டம்.