சுராவின் தரையில் ஒரு சாய்கோடு

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தங்கச்சியின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

கோலகங்சாரில் உபுதியா பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு, இஸ்லாமியக் கட்டடக்கலை என்றாலே அந்தத் தங்கக் குவிமாடம்தானே என்று கேட்டிருந்தாய். எங்கள் தோட்டத்துச் சிறு தொழுகைக்கூடமான சுராவைப் புதிதாகக் கட்டும் பேச்சு நடப்பதால், குவிமாடம் இல்லாமல் ஒரு பள்ளிவாசலா என்று இளைஞர்களும் என்னிடம் கேட்கிறார்கள். உபுதியாவின் முன் நின்றால் என் கண்ணும் கலங்கும். ஆனால் 1913இல் தொடங்கி 1917இல் முடிந்த அந்தப் பள்ளியை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்னும் ஆங்கிலேயர். வட இந்திய முகலாயக் கட்டடங்களின் சாயலை இங்கே கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். அதற்கு முன்பே, 1748இல், இந்திய முஸ்லிம் வணிகர்கள் மலாக்காவில் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசலுக்குக் குவிமாடம் கிடையாது. அடுக்குக் கூரையும் பகோடா போன்ற மினாராக் கோபுரமும்தான். கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளியில் கோயில் மண்டபத்தை நினைவூட்டும் கல்தூண்கள் நிற்கின்றன, உருவச் சிற்பம் மட்டும் இல்லை. மதீனாவில் நபிகளார் கட்டிய பள்ளிக்கோ பேரீச்சை மரத் தூண்களும் ஓலைக் கூரையுமே இருந்தன.

இவை அனைத்தையும் ஒரே குடும்பமாக்குவது எது என்பதை எங்கள் சுராவின் தரைதான் எனக்குக் காட்டியது. அது, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்சென்ற நம் பழைய ஆயாக்கொட்டகை, நீயும் நானும் ஏணையில் கிடந்த இடம். அதன் சுவர்கள் தோட்டச் சாலையைப் பார்த்து நிற்கின்றன. தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசையான கிப்லாவோ இங்கிருந்து மேற்குக்கு ஏறத்தாழ 22 பாகை வடக்கே இருக்கிறது. அதனால் சிமெண்டுத் தரையில் மூலைவாட்டாகச் சிவப்புச் சாயக் கோடுகளை இழுத்திருக்கிறோம். பல இடங்களில் குதிகால் பட்டுப் பட்டுச் சாயம் தேய்ந்துவிட்டது. வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் ரப்பர்ப் பால்வெட்டுக்காரரும் அந்தக் கோட்டில் தோளோடு தோள் நிற்கும்போது, குழந்தைகளுக்காகக் கட்டிய கொட்டகை அந்தக் கணமே பள்ளிவாசலாகிவிடுகிறது.

படம் வரைந்து தருவதாகச் சொன்னாயே, அதில் இம்முறை சுவரே கிப்லாவை நோக்கட்டும். நம் மழைக்கு நீண்ட இறவாரமும் வெக்கை மேலே வெளியேற இரண்டடுக்குக் கூரையும் போடு. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் பழைய தண்ணீர்த் தொட்டியை இடிக்காமல் முற்றத்திலேயே வைத்துக்கொள். அடுத்த சனிக்கிழமை வந்தால் இருவருமாக மனையை அளந்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்